ஆபேலுக்குப் பதில் இன்னொரு ஆபேல் இல்லை

(வேதபாடம்: குளோனிங்கும் மனிதனுடைய அடையாளமும்)



மண்டபத்தூர் வாலிபர் கூடுகையில் கேள்விச் சீட்டு எழுதிப் போடுகிற வழக்கம் ஒன்று உண்டு. பேர் எழுத வேண்டாம். கேள்வியை மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். சில மாதங்களாக ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. அதுதான் குளோனிங். பிள்ளைகள் சினிமாவில் பார்த்திருக்கிறார்கள், செல்போனில் பார்த்திருக்கிறார்கள், பள்ளிக்கூடப் பாடத்திலும் படித்திருக்கிறார்கள். சீட்டுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்று கேள்விகள்தான் இருக்கின்றன.

முதலாவது, மனிதனை நகல் எடுக்க முடியுமா? இரண்டாவது, அப்படிப் பிறக்கிறவனுக்கு ஆத்துமா இருக்குமா? மூன்றாவது, இறந்துபோனவரை அந்த வழியில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா?

மூன்றாவது கேள்வியை எழுதினவர் விளையாட்டுக்கு எழுதவில்லை என்று நினைக்கிறேன். 2004 டிசம்பர் 26-ந் தேதிக்குப் பிறகு நம் கடற்கரையில் அந்தக் கேள்வியை யாரும் விளையாட்டாய்க் கேட்கிறதில்லை. ஆகவே மூன்றையும் வரிசையாய் ஆராய்வோம். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. மனிதனை நகல் எடுக்க முடியுமா?

குளோன் என்றவுடனே பயப்படாதீர்கள். உங்கள் கொல்லையில் நிற்கிற வாழையைப் பாருங்கள். பூவனோ ரஸ்தாளியோ, யாராவது விதை போட்டு வளர்க்கிறார்களா? இல்லை. தாய்மரத்தின் கிழங்கிலிருந்து பக்கத்தில் வருகிற கன்றைப் பெயர்த்து நடுகிறோம். தாய்க்கு உள்ள அதே மரபணுதான் கன்றுக்கும். வாழையடி வாழையாக என்று நம் பெரியவர்கள் வாழ்த்துகிறார்களே, அந்த வாழை ஒரு குளோன்தான். இப்போது நடுகிற சவுக்கிலும் குளோன் கன்று வந்துவிட்டது. நல்ல மரத்தின் கிளைக்குச்சியை வெட்டி வேர் பிடிக்க வைத்தால் அதே மரம் மறுபடியும் கிடைக்கிறது. ஆகவே குளோன் என்பது மந்திரமும் அல்ல, பிசாசின் வேலையும் அல்ல. செடி கொடிகளில் சிருஷ்டிகரே வைத்திருக்கிற வழி அது.

ஆனால் ஆடு மாடுகளுக்கும் மனிதருக்கும் அந்த வழியை அவர் வைக்கவில்லை. தகப்பனிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி என்று இரண்டு பேருடைய மரபணுவும் சேர்ந்தால்தான் பிள்ளை.

இந்த ஒழுங்கை மாற்றிக் காட்டினவர்கள் ஸ்காட்லாந்து தேசத்தில் ரோஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தார். 1996 ஜூலை 5-ந் தேதி டாலி என்ற பெண் ஆட்டுக்குட்டி அங்கே பிறந்தது. 1997 பிப்ரவரியில் உலகத்துக்கு அறிவித்தார்கள். ஒரு வளர்ந்த ஆட்டின் மடியிலிருந்து எடுத்த செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கப்பட்ட வேறொரு ஆட்டின் கருமுட்டையில் வைத்து, மூன்றாவது ஒரு ஆட்டின் வயிற்றில் வளர்த்தார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். செல்லைக் கொடுத்த ஆடு, டாலி பிறக்கும் முன்பே இறந்துபோயிருந்தது. உறையவைத்துப் பாதுகாத்த செல்லிலிருந்துதான் டாலி வந்தது. செத்ததைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பிற்று.

நம் தேசத்திலும் நடந்திருக்கிறது. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில் 2009 பிப்ரவரியில் குளோனிங் முறையில் ஒரு எருமைக்கன்று பிறந்து சில நாளில் இறந்துவிட்டது. அதே வருஷம் ஜூனில் பிறந்த கன்றுக்கு கரிமா என்று பேர் வைத்தார்கள். அது 2011-ல் இறந்தது. 2010 ஆகஸ்டில் பிறந்த இன்னொன்றுக்கு இரண்டாம் கரிமா என்றே பேர். அது வளர்ந்து 2013 ஜனவரியில் தானும் ஒரு கன்றை ஈன்றது. 2018-ல் சீன தேசத்தார் இரண்டு குரங்குக் குட்டிகளை இந்த முறையில் பிறப்பித்ததாக அறிவித்தார்கள். சரீர அமைப்பில் மனிதனுக்கு நெருங்கின பிராணியில் அதுவே முதல் தடவை.

மனிதரில்? 2002 டிசம்பரில் குளோனெய்ட் என்ற ஒரு அமைப்பு, ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று உலகப் பத்திரிகைகளைக் கூட்டிச் சொன்னது. குழந்தையைக் காட்டவும் இல்லை, பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளவும் இல்லை. இந்நாள்வரை குளோனிங் முறையில் ஒரு மனிதன் பிறந்தான் என்று நிரூபிக்கப்படவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஐக்கிய நாடுகள் சபை 2005 மார்ச் 8-ந் தேதி எல்லா விதமான மனித குளோனிங்கையும் தடை செய்யும்படி தேசங்களைக் கேட்டு ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. ஆதரவு 84, எதிர்ப்பு 34, ஓட்டளிக்காதவை 37. இந்தியா எதிர்த்து ஓட்டளித்தது. உடனே தப்பாய் நினைக்காதீர்கள். குளோனிங்கில் பிள்ளை பிறப்பிப்பதை இந்தியா ஆதரிக்கவில்லை. நோய் தீர்க்கிற ஆராய்ச்சிக்கும் சேர்த்துக் கதவை அடைக்கக் கூடாது என்பதே அதன் நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளில், குளோனிங் முறையில் மனிதரைப் பிறப்பிப்பது தடை செய்யப்பட்ட காரியங்களில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே முதலாவது கேள்விக்குப் பதில்: குரங்கு வரைக்கும் வந்திருக்கிறார்கள். நாளைக்கு மனிதனிலும் யாராவது துணியலாம். அதற்கு முன்னே நாம் யோசித்துத் தெளிவாக இருப்பது நல்லது.

2. அவனுக்கு ஆத்துமா இருக்குமா?

நகலுக்கு ஆத்துமா இராது, வெறும் சரீரந்தான் என்று சில விசுவாசிகளே பேசுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்லுகிறேன்.

ஒரே மாதிரி இருக்கிற இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கரு தாயின் வயிற்றில் இரண்டாய்ப் பிரிந்து அப்படிப் பிறக்கிறார்கள். மரபணுவைப் பார்த்தால் ஒருவருக்கொருவர் நகல்தான். சரியாய்ச் சொன்னால், குளோனிங்கில் பிறக்கிறவனைவிட இவர்களே ஒருவரையொருவர் அதிகமாய் ஒத்திருக்கிறவர்கள். ஒரே கருமுட்டை, ஒரே கர்ப்பம், ஒரே காலம், ஒரே தாய்ப்பால். இந்த இரண்டு பேரில் மூத்தவனுக்கு மட்டும் ஆத்துமா, இளையவனுக்கு இல்லை என்று யாராவது சொல்லுவோமா? இவனுக்குப் பசித்தால் அவன் வயிறு அழுவதில்லை. கைரேகைகூட வேறே. ஆதார் மிஷினில் அண்ணன் விரலை வைத்தால் தம்பி பேர் வராது. ஒருவன் மனந்திரும்புவான், இன்னொருவன் திரும்பாமலே போவான். நியாயத்தீர்ப்பில் இரண்டு பேரும் தனித்தனியாய்த்தான் நிற்க வேண்டும்.

மிருகத்திலேயே நகல் சரியாய் வரவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸில் 2001 டிசம்பரில் ஒரு பூனையைக் குளோன் செய்தார்கள். தாய்ப்பூனைக்கு வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிறம். குட்டி பிறந்தது, ஆரஞ்சு நிறமே இல்லை! மரபணு ஒன்றுதான், ஆனால் கர்ப்பத்தில் எந்தச் செல்லில் எந்த நிறம் வெளிப்படும் என்பது அந்தந்தக் குட்டிக்குத் தனியாய் அமைகிறது. ஒரு பூனையின் தோலையே நகல் எடுக்க முடியவில்லை என்றால், ஒரு மனிதனுடைய நினைவுகளையும், அவன் தனியே அழுத அழுகையையும், அவன் ஜெபத்தையும் எந்த மிஷினில் நகல் எடுப்பார்கள்? ஜெராக்ஸ் கடையில் காகிதத்தை எடுக்கலாம். ஆளை எடுக்க முடியாது.

1978-ல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அந்த வழியில் பிறந்தவர்கள் இன்று உலகமெங்கும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வேலை பார்க்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அவர்களுக்கு ஆத்துமா உண்டா என்று இன்று கேட்டால் கேட்கிறவனுக்குத்தான் வெட்கம்.

ஆகவே இதை மனதில் வையுங்கள். என்றைக்காவது ஒரு நாள் குளோனிங்கில் பிறந்த ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் நம் சபை வாசலில் வந்து நின்றால், பெற்றவர்கள் செய்தது சரியா தப்பா என்று பிறகு பேசலாம். முதலில் அந்தப் பிள்ளையை வாங்கி, மற்றப் பிள்ளைகளைப் போலவே தலையில் கைவைத்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வோம். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மனிதன் தேவசாயலாய்ச் சிருஷ்டிக்கப்பட்டான் என்று வாசிக்கிறோம். அந்தச் சாயல், பிறந்த வழியைப் பார்த்து வருகிறது அல்ல.

3. இறந்தவரைத் திரும்பப் பெறலாமா?

சுனாமி அன்று காரைக்கால் பகுதியில் மண்டபத்தூர் தொடங்கி காளிக்குப்பம், கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி வரைக்கும் கடலோரக் கிராமங்கள் அடிபட்டன. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000-க்கும் மேல். அதில் பிள்ளைகள் அநேகர். ஓட முடியாத கால்கள் அவர்களுடையவைதானே.

பிள்ளைகளை இழந்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டு போதும், மூன்று போதும் என்று நிறுத்தினவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வெறுமையாய்ப் போயிற்று. 2005-ல் தமிழ்நாடு அரசு இந்தத் தாய்மாருக்கு அந்த ஆபரேஷனை மாற்றிக் கருக்குழாயை மறுபடியும் இணைக்க உதவி அறிவித்தது. பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலருக்குக் கைகூடியது, சிலருக்குக் கூடவில்லை. கூடினவர்கள் வீட்டில் மறுபடியும் தொட்டில் ஆடியது. அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம்.

இப்படிப் பிறந்த சில பிள்ளைகளுக்கு இறந்த பிள்ளையின் பேரையே வைத்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், எட்டு வயதில் அலையில் போன மூத்த மகளின் பேரை அதற்குப் பிறகு பிறந்தவளுக்கும் வைத்தார்கள். அக்காள் போட்டிருந்த கொலுசு இவளுக்கு. அக்காள் படிக்க ஆசைப்பட்ட படிப்பு இவளுக்கு. "அப்படியே அவளை உரிச்சு வச்சிருக்கு" என்று வருகிறவர்களெல்லாம் சொல்லுவார்கள். பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளை ஓய்வுநாள் பாடசாலையில் என்னிடம் கேட்டாள்: "ஐயா, நான் அக்காவோட பேரை வச்சிருக்கேன். அப்போ என் பேர் எது?"

பிரியமானவர்களே, பெற்றவர்களைக் குற்றப்படுத்தி நான் இதை எழுதவில்லை. துக்கம் எந்த வழியாய் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விதான் குளோனிங்கைப் பற்றின முழுக் கேள்வியும்.

கடலுக்கு அந்தப் பக்கத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். இலங்கையில் கல்முனை ஆஸ்பத்திரிக்குச் சுனாமி அன்று கொண்டுவரப்பட்ட ஒரு சிசுவுக்கு, வந்த வரிசைப்படி 81 என்று எண் போட்டார்கள். ஒன்பது தாய்மார் அது தங்கள் பிள்ளை என்று சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. சாலொமோன் ராஜாவின் வழக்கு மறுபடியும் வந்ததுபோல் இருந்தது. கோர்ட்டார் மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். 2005 பிப்ரவரியில் முடிவு வந்து, பிள்ளை பெற்றவர்கள் கையில் சேர்ந்தது. மரபணு அங்கே நல்ல சாட்சி சொன்னது. ஆனால் எதைச் சொன்னது? "இவன் யாருடைய பிள்ளை" என்று சொன்னது. "இவன் யார்" என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல மரபணுவுக்கு வாய் இல்லை.

இனி வேதத்தைப் பார்ப்போம்.

(அ) சேத். உலகத்தில் முதன்முதலாகப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஏவாள். ஆதியாகமம் 4:25-ல் அவளுக்கு இன்னொரு மகன் பிறக்கிறான். ஆபேலுக்குப் பதிலாகத் தேவன் தந்தார் என்பதே அவள் மனதில் இருந்தது. தாய்மனம் அப்படித்தான் இருக்கும். வேதம் அதைக் கண்டிக்கவில்லை. ஆனாலும் அவள் வைத்த பேர் ஆபேல் அல்ல, சேத். அடுத்த அதிகாரத்தில் இன்னொரு ஆச்சரியம். இந்தச் சேத்தைத்தான் ஆதாம் தன் சாயலாகப் பெற்றான் என்று எழுதியிருக்கிறது. அப்பனை உரித்து வைத்த பிள்ளை! சாயல் அப்பனுடையது; பேரும் வாழ்வும் அவனுடையது.

(ஆ) யோபு. கடைசி அதிகாரத்தில் ஆடுகள், ஒட்டகங்கள், ஏர்மாடுகள், கழுதைகள் எல்லாம் இரண்டத்தனையாய்த் திரும்ப வந்தன. பிள்ளைகள் மாத்திரம் முன்போலவே ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள். ஏன் இருமடங்கு இல்லை? ஆடு போனால் ஆடு ஈடாகும். பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகாது. முன்னே இறந்தவர்கள் தேவனிடத்தில் கணக்கில் இருக்கிறார்கள். பிறகு பிறந்த மூன்று பெண்களின் பேரையும் வேதம் தனித்தனியாய்ச் சொல்லுகிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். யாரும் யாருக்கும் பதில் அல்ல.

(இ) யோவான். லூக்கா முதல் அதிகாரத்தில் சொந்தக்காரர் எல்லாரும் கூடி, தகப்பன் பேராகிய சகரியா என்பதையே பிள்ளைக்கு இடப் பார்த்தார்கள். எலிசபெத்து சம்மதிக்கவில்லை. சகரியாவும் எழுத்துப்பலகையை வாங்கி யோவான் என்று எழுதினார். அந்தப் பிள்ளைக்குத் தகப்பனுடைய ஆசாரிய முறையைத் தொடருகிற வேலை இல்லை. வனாந்தரத்தில் அவனுக்கென்று ஒரு வேலை காத்திருந்தது.

அப்படியென்றால் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது தப்பா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்ததுதான். வாழ்ந்து முடித்தவரின் பேரை அன்பாய்த் தாங்குவது வேறே. வாழாமல் போனவரின் மிச்ச வாழ்வை வாழ்ந்து கொடு என்று ஒரு சிசுவின் தலையில் ஏற்றுவது வேறே. முதலாவது ஆசீர்வாதம். இரண்டாவது சுமை.

ஆகவே மூன்றாவது கேள்விக்குப் பதில்: குளோனிங்கினால் இறந்தவர் திரும்ப வரமாட்டார். வருகிறது ஒரு புதிய ஆள். முகம் பழையது, ஆள் புதிது. தாவீது ராஜா குழந்தையை இழந்தபோது, தான் அந்தப் பிள்ளையிடத்துக்குப் போகலாமேயன்றி அது தன்னிடத்துக்குத் திரும்பி வராது என்று உணர்ந்து எழுந்து சாப்பிட்டார். நம்முடைய நம்பிக்கை உயிர்த்தெழுதலில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இல்லை.

4. பாவம் எங்கே இருக்கிறது?

பிறக்கிற பிள்ளையிடத்தில் இல்லை. பிறப்பிக்கிறவர்களிடத்தில் இருக்கிறது. மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, எத்தனை கருக்கள் அழியும் என்று பாருங்கள். டாலிக்காக 277 கருமுட்டைகளில் முயன்றார்கள். 29 கருக்கள் வளர்ந்தன. பிறந்தது ஒன்றே ஒன்று. சீனாவில் 21 குரங்குகளின் வயிற்றில் கரு வைத்துப் பிறந்தது இரண்டு. பிறந்தவைகளிலும் சில நாளில் இறந்துபோவது உண்டு. ஆட்டுக்கே இந்தக் கணக்கு என்றால், மனிதப் பிள்ளையில் இதைச் சோதித்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

இரண்டாவது, உறவு குழம்பும். பிள்ளையில்லாத தம்பதியருக்கு இந்த வழியைத் திறந்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கண்ணீரை நான் அலட்சியம் பண்ணவில்லை. ஆனால் யோசியுங்கள். ஒருவருடைய செல்லிலிருந்து அவர் மனைவி ஒரு பிள்ளையைப் பெற்றால், மரபணுப்படி அந்தப் பிள்ளை அவருக்கு மகனா, கூடப்பிறந்த தம்பியா? அவருடைய தாயார் பிள்ளைக்கு அப்பாயியா, அம்மாவா? நம் ஊரில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடாமல் ஒருவரோடொருவர் பேசுகிறது உண்டா? அந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்போதே தடுமாறும்.

மூன்றாவதும் பெரியதும் இது. பிறக்கும் முன்னே அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலையைக் குறித்துவிடுகிறோம்: நீ இன்னாராய் இரு. அவர் பாடினால் நீயும் பாடு. அவர் டாக்டர் என்றால் நீயும் டாக்டர். அப்படி இல்லாவிட்டால் பார்க்கிறவர் கண்ணில் ஏமாற்றம். சங்கீதம் 139-ல் கர்ப்பத்தில் உருவாகிறவனைத் தேவன் தனியே அறிந்திருக்கிறார் என்று தாவீது பாடுகிறார். தேவன் ஒரு புதிய பக்கத்தைத் திறக்கிற இடத்தில் நாம் பழைய பக்கத்தை ஒட்டப் பார்க்கிறோம். அதுதான் பாவம்.

இதற்குக் குளோனிங் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கருவில் நகல் எடுக்க லட்சக்கணக்கில் பணமும் ஆய்வுக்கூடமும் வேண்டும். வீட்டில் நகல் எடுக்க நாக்கு ஒன்றே போதும். "உங்கண்ணன் இப்படியா இருந்தான்?" "நான் படிக்க முடியாததை நீ படிச்சுக் காட்டணும்." "போதகர் மகன் போதகராத்தான் ஆகணும்." இதெல்லாம் என்ன? பெற்ற பிள்ளையைக் குளோனாக்குகிற பேச்சுத்தானே? ரஸ்தாளித் தோட்டத்தில் எல்லா மரமும் ஒரே மரம் என்பதால் வாடல் நோய் வந்தால் தோட்டமே சாய்கிறது. தேவன் பிள்ளைகளை வேறு வேறாய்த் தருவதில் ஞானம் இருக்கிறது.

மேலே சொன்ன அந்தப் பெண்பிள்ளை ஞானஸ்நானத்துக்கு ஒப்புக்கொடுத்தபோது, தனக்கென்று ஒரு பேரைத் தெரிந்துகொண்டு வந்தாள். தகப்பனார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவ பேர் அவளோட இருக்கட்டும்மா, உன் பேர் உனக்கு இருக்கட்டும்" என்றார். தாயார் இன்றைக்கும் சில நேரம் மறந்து பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளும் முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகளும் அந்த வீட்டில் இப்போது தனித்தனியாய் இருக்கிறார்கள்.

வீட்டுக்கூட்டத்தில் பேச:

1. ஒரே மாதிரி இரட்டையரில் நீங்கள் கண்ட வித்தியாசங்கள் எவை? அவை எங்கிருந்து வந்தன?
2. யோபின் பிள்ளைகள் இருமடங்காகாததற்கு வேறு காரணம் சொல்ல முடியுமா?
3. உங்கள் வீட்டில் எந்தப் பிள்ளை வேறு யாருடைய இடத்தையோ நிரப்பும்படி வளர்க்கப்படுகிறது? அந்தப் பிள்ளையிடம் இந்த வாரம் என்ன சொல்லுவீர்கள்?

மூன்றாவது கேள்வியைக் கூட்டத்தில் பேசக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். ஆனால் பேசாமல் விட்டுவிடாதீர்கள். நம்மைப் பேர்சொல்லி அழைக்கிற தேவன், நம் பிள்ளைகளையும் அவரவர் பேர்சொல்லி அழைத்து நடத்துவாராக. ஆமென்.